செட்டைக் கழட்டினா முடிஞ்சுதா?

மக்களே, இந்த செமஸ்டர் ஆரம்பிச்சதுல இருந்து நம்ம காலேஜ் பஸ் எதுலயும் பாட்டு இல்லை, கவனிச்சிருப்பீங்க. டிரைவர் சீட்டுக்கு மேலே செட் இருந்த இடத்தில் இப்போது ஒரு சதுர ஓட்டையும் நாலு வயரும்தான் இருக்கு. ஸ்பீக்கரை மட்டும் கழட்டாம விட்டுட்டாங்க. "புகார் வந்தது, எடுத்துவிட்டோம்" என்றார்கள் டிரான்ஸ்போர்ட் ஆபீசில். என்ன புகார் என்று யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும், ஏன்னா அது நடந்தது எங்க பஸ்ல.

நான் கோவில்பட்டியில் ஏறுகிறவன். கயத்தாறு தாண்டி காலேஜ் வாசலில் இறங்க ஒரு மணி பத்து நிமிஷம். மூன்றரை வருஷமா இதே பஸ். போன டிசம்பரில் ஒரு சாயங்காலம் பின்சீட்டில் இருந்து ஒரு பென் டிரைவ் கைமாறி கைமாறி முன்னாடி போச்சு. டிரைவர் அண்ணாச்சி வழக்கம்போல சொருகினார். முதல் மூணு பாட்டு அனிருத். நாலாவது சினிமாப் பாட்டே இல்லை. ஒரு சாதியின் பேரை நேராகவே சொல்லி, எங்களைத் தொட்டா என்ன ஆகும் தெரியுமா என்று மிரட்டுகிற ரகம். கொடை விழாவிலோ கல்யாண ஊர்வலத்திலோ நீங்களும் கேட்டிருப்பீங்க. பின்னாடி நாலு பேர் எழுந்து கை தட்டினாங்க. மீதி ஐம்பது பேரும் ஜன்னலைப் பார்த்தோம். நானும்தான், நல்லவன் வேஷம் போட விரும்பலை.

மறுநாள் இன்னொரு பென் டிரைவ் வந்தது. வேற சாதி, அதே மெட்டு மாதிரி. மூணாம் நாள் ஸ்டாப்பில் இறங்கியதும் இரண்டு பேர் சட்டை கிழிந்தது. அடித்துக்கொண்டவர்களுக்கு ஒரு வாரம் சஸ்பென்ஷன், செட்டுக்கு ஆயுள் தண்டனை.

இதில் என்னை இன்னும் விடாமல் இருப்பது அந்த அடிதடி இல்லை. முதல் நாள் பாட்டு ஓடினப்போ என் பக்கத்தில் ஒரு ஃபர்ஸ்ட் இயர் பையன் நின்னுட்டு இருந்தான். இறங்கும்போது மெதுவா கேட்டான்: "அண்ணா, நாளைக்கு நான் எந்தப் பக்கம் உட்காரணும்?" எனக்குப் பதில் தெரியலை. பாட்டு அஞ்சு நிமிஷம்தான் ஓடியிருக்கும். அதுக்குள்ள ஒரு பஸ்ஸுக்கு 'பக்கம்' வந்துடுச்சு. ஜனவரியில் இருந்து அவன் எங்க பஸ்ல வர்றதில்லை. டவுன் பஸ் பிடித்து, ஒரு இடத்தில் மாறி வருகிறான் என்று கேள்விப்பட்டேன்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் கைக்கயிறு, மோதிரம், நெற்றிக்குறி எதுவும் பள்ளி மாணவர்களுக்குக் கூடாது என்பது அதில் பரபரப்பாகப் பேசப்பட்ட பரிந்துரை. கயிறாவது கட்டியவன் கையில் இருக்கும், முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். ஸ்பீக்கரில் வரும் பாட்டு எல்லார் காதுக்குள்ளும் கயிறு கட்டிவிட்டுப் போகும். அதனால் அந்தப் பாட்டு கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

அப்போ செட்டைக் கழட்டினது சரிதானேன்னு கேட்பீங்க. இல்லை என்பதுதான் என் கட்சி.

ஒரு சொந்தக் கதை. எல்.கே.ஜி-யில் இருந்து இங்கிலீஷ் மீடியம். பத்தாவது வரைக்கும் தமிழ்ப் பாட்டு வரிகளை இங்கிலீஷ் எழுத்தில் எழுதி வைத்துத்தான் பாடுவேன், சிரிக்காதீங்க. வீட்டில் ஆளுக்கு ஒரு ஃபோன், ஆளுக்கு ஒரு பாட்டு. பிறர் தேர்ந்தெடுத்த பாட்டைக் கேட்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்ததே காலேஜ் பஸ்ஸில்தான். அண்ணாச்சியின் பென் டிரைவில் எண்பதுகளின் இளையராஜா மட்டும் இருநூறு பாட்டுக்கு மேல் இருந்தது. ஒரு பாட்டில் எனக்குப் புரியாத வார்த்தையை பக்கத்து சீட்டில் இருந்த மெக்கானிக்கல் சீனியர் விளக்கினார், அப்படித்தான் அவர் எனக்கு நண்பரானார். இப்போது அதே பஸ்ஸில் ஐம்பத்தி நாலு பேர், ஆளுக்கு ஒரு இயர்பட்ஸ். சண்டை இல்லைதான். பேச்சும் இல்லை. அந்தச் சாதிப் பாட்டு? அது பத்திரமா காதுக்குள்ள ஓடிட்டுதான் இருக்கு, யாரும் கழட்டலை.

ஆனா, பழைய மாதிரியே திரும்ப வேணும்னும் நான் கேட்கலை. பழசுலயும் கோளாறு இருந்தது. ரிமோட் எப்பவும் யார் கையில் இருந்தது என்று யோசித்துப் பாருங்க. பின்சீட்டு ஃபைனல் இயர் பசங்க. இப்போது அது நாங்கள்தான் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன். முன்பாதி பெண்கள். மூன்றரை வருஷத்தில் ஒரு பெண் பென் டிரைவ் கொடுத்து நான் பார்த்ததே இல்லை. என் கிளாஸ் தோழி ஒருத்தியிடம் இதைக் கேட்டப்போ அவள் சொன்னது: "காதல் தோல்வின்னு பொண்ணுங்களைத் திட்டுற பாட்டு வரும்ல, பாட்டைக்கூட விட்டுடலாம்டா. அந்த வரி வர்றப்போ பின்னாடி எல்லாரும் சேர்ந்து கத்துவீங்க பாரு, அது எங்களைப் பார்த்துத்தான்னு எங்களுக்குத் தெரியாதா?" நானும் கத்தியிருக்கேன். எத்தனை தடவைன்னு எண்ணலை.

அடுத்தது சத்தம். நான் ஈசிஈ, அதனால் ஃபோன் ஆப் ஒன்றை வைத்து அளந்து பார்த்தேன். ஆப் துல்லியமான கருவி இல்லை, லேப் மீட்டர் மாதிரி நம்ப முடியாது, ஆனாலும் கடைசி சீட்டில் ஸ்பீக்கருக்குக் கீழே 90 டெசிபலைச் சுற்றியே காட்டியது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி 80 டெசிபல் என்றால் வாரம் 40 மணி நேரம் கேட்கலாம். 90 என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். சனிக்கிழமையும் சேர்த்து நாம் வாரத்துக்கு 14 மணி நேரம் பஸ்ஸில் இருக்கிறோம். கணக்கு நீங்களே போட்டுக்கோங்க. ஆம்பிளிஃபயரில் ஒரு ரெசிஸ்டரை மாற்றி, இதுக்கு மேல ஏறாதுன்னு பூட்டி வைப்பது இரண்டாம் வருஷ லேப் வேலை. அதுக்காக செட்டையே பிடுங்கினது, ஃபேன் சத்தம் போடுதுன்னு கரண்ட் கனெக்‌ஷனை வெட்டின மாதிரி.

அண்ணாச்சியிடமும் பேசினேன், அவரை யாருமே கேட்கலைங்கிறதால. "காலைல வரும்போது பாட்டு இருந்தா எனக்குத் தூக்கம் வராது தம்பி, அது நல்லதுதான். ஆனா நீங்க சத்தத்தை ஏத்தினா பின்னாடி வர்றவன் ஹாரன் கேக்காது. ஆம்புலன்ஸ் வந்தாக்கூட கண்ணாடில பாத்துத்தான் தெரியும்" என்றார். நான்கு வழிச்சாலையில் ஓட்டுகிற மனுஷர். அவர் காதுக்கு முதல் உரிமை.

2022 அக்டோபரில் கேரளாவில் வடக்கஞ்சேரி பக்கம் பள்ளிச் சுற்றுலா பஸ் ஒன்று அரசு பஸ் மேல் மோதி, ஐந்து மாணவர்கள் உட்பட ஒன்பது பேர் இறந்தார்கள். காரணமாகச் சொல்லப்பட்டது வேகம்தான், பாட்டு இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அங்கே சுற்றுலா பஸ்களில் கலர் லைட்டையும் பெரிய சவுண்ட் சிஸ்டத்தையும் பிடித்துப் பிடித்து அபராதம் போட்டார்கள். ஐ.வி. போகும்போது "டிஜே பஸ் வேணும்"னு அடம் பிடிக்கிற நம்ம ஆட்கள் இதையும் கொஞ்சம் நினைக்கலாம்.

"சரி, எஃப்.எம். மட்டும் போடலாமே, சாதிப் பாட்டும் வராது, சண்டையும் வராது" என்று ஒரு சார் சொன்னார். நல்ல யோசனைதான், பாதி ஒத்துக்கிறேன். மீதிப் பாதிக்கு அமெரிக்கக் கதை ஒன்று இருக்கு. அங்கே மாசசூசெட்ஸில் 'பஸ் ரேடியோ' என்று ஒரு கம்பெனி. பள்ளி பஸ்களுக்குக் கருவியை இலவசமாக மாட்டிக் கொடுத்து, 2006-இல் ஒலிபரப்பை ஆரம்பித்தார்கள். வயசுக்கு ஏற்ற பாட்டு, பிள்ளைகள் அமைதியா வருவாங்க என்று சொல்லித்தான் விற்றார்கள். நடுவில் விளம்பரம். பெற்றோர்கள் கொதித்துப் போனார்கள்: டிவியை அணைக்கலாம், பஸ்ஸில் இருக்கிற பிள்ளை எதை அணைக்கும்? விஷயம் நாடாளுமன்றம் வரை போய், இதை ஆராய்ந்து அறிக்கை கொடுக்கும்படி எஃப்.சி.சி. என்ற தகவல் தொடர்பு ஆணையத்தை 2009-இல் கேட்டார்கள். அதே வருஷம் கம்பெனி மூடப்பட்டது. நம்ம எஃப்.எம்.மிலும் மூணு பாட்டுக்கு ஒரு நகைக்கடை, ஒரு பிளாட் விற்பனை வருது. நமக்கு இருபது வயசு, தாங்கிக்கலாம். ஆனா நம்ம டிரஸ்ட்டோட ஸ்கூல் பஸ்ஸும் இதே ஷெட்டில்தான் நிற்குது. யூ.கே.ஜி. பிள்ளைக்கு தினமும் காலையில் தங்க விலை எதுக்கு?

அதனால் நான் கேட்பது பெருசா ஒண்ணும் இல்லை. செட்டைத் திரும்ப மாட்டுங்க. காலையில் அண்ணாச்சி விருப்பம், அவர் பென் டிரைவ், அவர் சத்தம். எக்ஸாம் நாளில் வேண்டாம், பாவம், பாதிப் பேர் பஸ்ஸில்தான் யூனிட் 4 படிக்கிறோம். சாயங்காலம் மட்டும் நம்ம பாட்டு, லிஸ்ட்டை வாரம் ஒருத்தர் போடட்டும், சீட் வரிசைப்படி, முன்சீட்டில் இருந்து ஆரம்பித்து. சாதிப் பாட்டு போட்டால் அந்த ஆளுக்கு நடவடிக்கை, பஸ்ஸுக்கு இல்லை. இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியம்: அப்படி ஒரு பாட்டு ஓடினா "அண்ணாச்சி, மாத்துங்க"ன்னு சொல்ற முதல் குரல் ஃபைனல் இயரில் இருந்து வரணும். அன்றைக்கு வரவில்லை. நான் மூணாவது வரிசையில்தான் நின்றேன், கை நீட்டினா செட் எட்டும்.

கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். ஏழாம் ரூட்டில் இதுவரை முப்பத்தி ஒரு கையெழுத்து, அதில் பதினெட்டு முன்பாதியில் இருந்து. மற்ற ரூட்காரர்கள் மதியம் கேன்டீன் பக்கம் வந்தால் நகல் தருகிறேன். அந்த ஃபர்ஸ்ட் இயர் தம்பி இதைப் படித்தால், என் பக்கத்து சீட் காலியாகத்தான் இருக்கு, ஜன்னல் பக்கம்.