கூலியை இழக்காமல் பள்ளிக்கு வரட்டும் பெற்றோர்

தொடக்கப் பள்ளிகளில் பெற்றோர் கூட்டம் பெரும்பாலும் வேலை நாள் பிற்பகலில்தான் நடக்கிறது. களையெடுப்பு, கட்டட வேலை, நூறு நாள் வேலை என்று போகிற தாய்க்கு அந்தப் பிற்பகல் என்பது அரை நாள் கூலி. வராதவர்களைப் பற்றி "பிள்ளை படிப்பில் அக்கறையே இல்லை" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இது பெரும் அநியாயம். அக்கறை இல்லாதவரா இருட்டோடு எழுந்து சோறாக்கி, தலைவாரி, பிள்ளையை அனுப்பிவிட்டு வேலைக்கு ஓடுகிறார்?

சட்டம் பெற்றோருக்கு உரிய இடத்தைக் கொடுத்திருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். பள்ளி வளர்ச்சித் திட்டம் தீட்டுவதும் அக்குழுவின் வேலை. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022இல் இக்குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டபோது, பெற்றோர் ஒருவரே தலைவர் என்றானது. நல்ல ஏற்பாடு. ஆனால் சுற்றுச்சுவர், கழிப்பறை, குடிநீர் என்று பேசி முடிப்பதற்குள் பல இடங்களில் கூட்டமும் முடிந்துவிடுகிறது. அவையும் தேவைதான். மூன்றாம் வகுப்புப் பிள்ளை தடுமாறாமல் ஒரு பத்தி வாசிக்கிறதா என்பதையும் அதே கூட்டத்தில் பேச வேண்டும்.

இன்னொரு தடை, கூச்சம். பள்ளியிலிருந்து போன் வந்தாலே என்ன புகாரோ என்று பதறும் வீடுகள் ஏராளம். கைநாட்டு வைக்கும் தாயிடம் "வீட்டில் சொல்லிக்கொடுங்கள்" என்றால் அவர் மறுமுறை வாசலை மிதிக்கத் தயங்குவார். அவரால் முடிந்ததைக் கேட்க வேண்டும். இரவில் பத்து நிமிடம் பிள்ளை வாசிப்பதைக் காது கொடுத்துக் கேட்கலாம், படித்த கதையைத் திரும்பச் சொல்லச் சொல்லலாம். கடைக்குப் போனால் மீதிச் சில்லறையைப் பிள்ளையே எண்ணி வாங்கட்டும். பூக்கட்டும் வீட்டில் முழக்கணக்கு இருக்கிறது, வயல்வேலை செய்யும் வீட்டில் மரக்கால், மூட்டைக் கணக்கு இருக்கிறது. ஆசிரியர் அவற்றை வகுப்புக்குள் கொண்டுவந்தால், தாத்தாவும் பாட்டியும் தாமும் பாடத்தில் ஓர் அங்கம் என்று உணர்வார்கள்.

கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்த பிறகு, 2021இல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' என்ற அரசுத் திட்டத்தில் அந்தந்தத் தெருப் பெண்களே மாலையில் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் சொன்னார்கள். அறிமுகமான முகம் என்பதால் தாய்மார்கள் தயங்காமல் பேசினார்கள். அந்த உறவைத் திட்டத்தோடு நிறுத்திவிடாமல், பள்ளிகள் கையிலெடுத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும் ஆசிரியர் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புகளையும் நடத்திவிட்டு, மாணவர் விவரங்களை ஏற்றும் 'எமிஸ்' இணையதளப் பதிவுகளையும் முடிக்கிறவருக்கு வீடு தேடிச் செல்ல நேரம் எங்கே? கல்வித்துறை அந்தச் சுமையைக் குறைக்கட்டும். கூட்டத்துக்குச் செல்லும் தொழிலாளிக்குக் கூலி பிடிக்காமல் ஒரு மணி நேரம் விடுவது, வேலை கொடுப்பவரின் பங்கு. அப்பாக்களும் வர வேண்டும். பெற்றோர் கூட்டம் இன்று அநேகமாக அம்மாக்கள் கூட்டமாகவே இருக்கிறது.

அடுத்த கூட்டத்தை வேலை முடிந்த மாலையில், பெற்றோர் குடியிருக்கும் தெருவிலேயே வையுங்கள். மதிப்பெண் பட்டியலை வாசிப்பதற்கு முன், ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டார் பக்கத்தில் அமர்ந்து ஒரு பக்கம் வாசித்துக் காட்டட்டும். கூட்டத்தின் முதல் அரைமணி அதற்கே போகட்டும்.