பத்து வருடக் கணக்கு தப்புக் கணக்கு

“வாங்கிப் பத்து வருஷம் ஆயிடுச்சா? மாத்திடுங்க. புதுசு போட்டா கரண்ட் பில் பாதியாயிடும்.” ஏசியோ ஃபேனோ கீசரோ, எதைப் பற்றிக் கேட்டாலும் இன்று கிடைக்கிற பதில் இதுதான். சென்னைக் கோடையை மனத்தில் வைத்துச் சொல்லப்படும் இந்தக் கணக்கைக் கோபிநத்தம் போன்ற ஊருக்கு அப்படியே பொருத்தினால், நஷ்டப்படுவது கடன் வாங்கிச் சாமான் வாங்குகிறவர்தான்.

கோபிநத்தம் 1997 வரை மைசூர் மாவட்டத்தில் இருந்தது, இப்போது சாமராஜநகர் மாவட்டம். காவிரிக் காட்டை ஒட்டிய தமிழ் பேசும் ஊர். பாலாற்றைக் கடந்தால் சேலம் மாவட்டம். மேட்டில் இருக்கும் மைசூரின் குளுமை இந்தப் பள்ளத்தாக்கில் கிடையாது, வெயில் மேட்டூர் வெயில்தான். ஆனாலும் ஏசி தேவைப்படுவது கோடை இரவுகளில் மட்டும். அந்தக் கூற்று சறுக்கும் இடமே இதுதான்.

முதலில் வயது. பில்லில் இருக்கும் தேதி வாங்கிய நாளைத்தான் சொல்லும், செய்த ஆண்டைச் சொல்லாது. பழைய மிஷினை இரண்டாம் கையாக வாங்குகிறவர் வெளியே மாட்டும் யூனிட்டின் தகட்டைப் படிக்க வேண்டும். அதில் ஆர்-22 என்று கேஸின் பெயர் இருந்தால், அநேகமாக 2025-க்கு முன் செய்தது. அந்த ஆண்டு ஜனவரி 1 முதல் அந்த கேஸில் ஓடும் புதிய ஏசிகளைத் தயாரிக்க இந்தியாவில் தடை. மான்ட்ரியல் ஒப்பந்தப்படி அதன் உற்பத்தியையே குறைத்து வருகிறார்கள். இப்படிப்பட்ட மிஷினில் கம்ப்ரஸர் போய்விட்டால் பழுதுபார்க்கச் செலவு செய்யாமல் மாற்றிவிடலாம். கடைக்காரர் சொல்வதில் இந்த அளவுக்கு நியாயம் உண்டு.

மற்றபடி, மிஷினின் திறன் ஆண்டுக்கு ஆண்டு தானாகக் கரைவதில்லை. தூசி படிந்த ஃபில்டர், அழுக்கேறிய காயில், கேஸ் கசிவு: திறனைத் தின்பவை பெரும்பாலும் இவைதான். மூன்றையும் சரிசெய்ய முடியும். “கேஸ் தீர்ந்துடுச்சு” என்று வருடந்தோறும் நிரப்பிவிட்டுப் போகிறவரிடம் கசிவு எங்கே என்று கேளுங்கள். ஏசியின் கேஸ் பெட்ரோல் போல எரிந்து தீர்வதில்லை. குழாயில் ஓட்டை இல்லாவிட்டால் அது குறையவே குறையாது.

அடுத்து நட்சத்திரம். “என்னுடையது ஃபைவ் ஸ்டார்” என்பது பாதிச் செய்திதான். எந்த ஆண்டு ஃபைவ் ஸ்டார்? மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் சில ஆண்டுகளுக்கொருமுறை அளவுகோலை உயர்த்துகிறது. ஸ்பிளிட் ஏசிக்கு 2018-இல் ஐ.எஸ்.இ.இ.ஆர். எனும் திறன் எண் 4.5 இருந்தால் ஐந்து நட்சத்திரம், 2022 ஜூலையில் அது 5.0 ஆக உயர்ந்தது. அட்டைப் பெட்டியைக்கூடப் பிரிக்காத மிஷின் ஒன்று ஒரே நாளில் நான்கு நட்சத்திரமானது. அதற்குள் எதுவும் தேயவில்லை. ஆகவே பார்க்க வேண்டியது லேபிளில் உள்ள அந்த எண்ணையும், லேபிள் செல்லும் காலத்தையும்.

இனி, ‘பில் பாதியாகும்’ என்ற வாக்குறுதி. ஏசி லேபிளில் உள்ள ஆண்டு யூனிட் கணக்கு 1600 மணி நேர ஓட்டத்துக்கானது. பழைய ஒன்றரை டன் மிஷின் புதிய ஃபைவ் ஸ்டாரைவிட அந்த நேரத்தில் 500 யூனிட் அதிகம் இழுக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். கோபிநத்தத்தில் இரண்டு மாதம், இரவுக்கு ஐந்து மணி நேரம் ஓட்டினால் மொத்தம் 300 மணி நேரம். மிச்சம் 94 யூனிட். யூனிட்டுக்கு 7 ரூபாய் போட்டாலும் ஆண்டுக்கு 660 ரூபாயைத் தாண்டாது. மிஷினோ 40,000 ரூபாய். போட்ட பணம் திரும்ப அறுபது ஆண்டு ஆகும்!

இதற்கும் மேல் கர்நாடகத்தில் இன்னொரு விஷயம் இருக்கிறது. 2023 முதல் ‘கிருஹ ஜோதி’ திட்டத்தில், பழைய சராசரியோடு சிறு கூடுதலுக்குள் மின்சாரம் பயன்படுத்தும் வீட்டுக்குப் பில்லே இல்லை. பூஜ்யத்தில் பாதி என்ன? மாறாக, மாதம் 200 யூனிட்டைத் தாண்டினால் முழுத் தொகையும் கட்ட வேண்டும். இதுவரை ஏசி இல்லாத வீட்டில் புதிய ஃபைவ் ஸ்டார் வந்தாலும், மேலே சொன்ன ஓட்டத்துக்கு மாதம் எழுபது யூனிட் கூடும். சிக்கனம் என்று சொல்லி விற்கப்படும் பொருளே வீட்டை இலவச வரம்புக்கு வெளியே தள்ளிவிடக்கூடும்.

ஃபேனில் இந்தக் கூற்று தலைகீழாகிவிடுகிறது. சாதாரண மோட்டார் உள்ள பழைய ஃபேன் எத்தனை வருடம் ஆனதானாலும் 75 வாட்டை ஒட்டித்தான் இழுக்கும். பி.எல்.டி.சி. மோட்டார் உள்ளது 30 வாட்டில் அதே காற்றைத் தரும். மூன்று ஃபேன் தினம் பத்து மணி நேரம் சுற்றும் வீட்டில் மாதம் 40 யூனிட் மிச்சம். இங்கே மாற்றுவது நியாயம், ஆனால் காரணம் மோட்டார்தான், வயது அல்ல. ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது என்பதற்காக மட்டும் தூக்கிப்போட வேண்டாம். பெரும்பாலும் கண்டென்சரை மாற்றினாலே போதும். வயதுக்காகவே கழற்ற வேண்டிய ஒன்று உண்டென்றால் அது சுவரில் இருக்கும் பழைய பெரிய ரெகுலேட்டர். வேகத்தைக் குறைக்கும்போது அது மின்சாரத்தை வெறும் சூடாக்கி வீணடிக்கிறது.

வெந்நீருக்கு வருவோம். “ஹீட்டரில் உப்புப் படிந்தால் கரண்ட் இரண்டு மடங்கு” என்பதும் சரியல்ல. தண்ணீருக்குள் மூழ்கிய காயிலின் சூடு தண்ணீரைத் தவிர வேறெங்கும் போகாது. உப்பால் காயில் சீக்கிரம் எரிந்துபோகும், அவ்வளவுதான். 15 லிட்டர் வாளித் தண்ணீரை 20 டிகிரி சூடாக்க ஏறக்குறைய 0.35 யூனிட் வேண்டும். இதில் பழையது புதியது, ராடு கீசர் என்ற பேதமில்லை. கீசரின் நட்சத்திரங்கள் சொல்வது, தேங்கிய வெந்நீர் எவ்வளவு சூட்டை இழக்கிறது என்பதை. குளிப்பதற்குச் சற்று முன் போட்டு உடனே அணைத்துவிடும் வீட்டில் அந்த இழப்பு மிகச் சிறியது.

காட்டோர ஊரில் உண்மையான விரயம் வெந்நீர் அடுப்பில்தான். மூன்று கல் அடுப்பில் விறகின் சூட்டில் பெரும்பகுதி பாத்திரத்துக்குப் போவதில்லை. அந்த விறகுக்காக யானை நடமாடும் காட்டுக்குள் போக வேண்டியவர்கள் பெண்கள். பழைய ஏசியை மாற்ற ஒதுக்கும் பணம் கூரையில் ஒரு சோலார் ஹீட்டருக்குப் போகட்டும் என்பது என் கட்சி. இரண்டாம் கையாகக் கிடைத்தாலும் பரவாயில்லை, அதற்கும் வயது கேட்க வேண்டாம். ஒவ்வொரு கண்ணாடிக் குழாயின் அடிமுனையையும் பாருங்கள். வெள்ளிப் பூச்சு பளபளவென்று இருந்தால் உள்ளே வெற்றிடம் அப்படியே இருக்கிறது. பால்போல வெளுத்திருந்தால் காற்றுப் புகுந்துவிட்டது. அந்தக் குழாயை மட்டும் மாற்றினால் போதும்.