விருப்பமில்லாத படிப்பு மாற்றுத் திட்டமாகாது

இவ்வாண்டு பிப்ரவரியில் நான் எழுதி வைத்த விண்ணப்பப் பட்டியலில் ஒன்பது இடங்கள் இருந்தன. அவற்றில் நான்கில் சேர எனக்குத் துளியும் விருப்பமில்லை.

ஆறாண்டுக் கலைப் பள்ளியில் காட்சிக் கலை படித்தவள் நான். அடுத்து அனிமேஷன் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. நவம்பரில் ஐபி தேர்வு முடிந்துவிட்டது. ஜனவரியில் முடிவுகள் வந்துவிடும். விண்ணப்பிக்கும் வேலையை இந்த ஓராண்டில் நான் எப்படியெல்லாம் தவறாகத் திட்டமிட்டேன் என்பதைச் சொன்னால், எனக்குப் பின்னால் வருபவர்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

விருப்பமில்லாத அந்த நான்கு எப்படிப் பட்டியலுக்குள் வந்தன? வணிக நிர்வாகமும் கணக்கியலும் அம்மாவின் நிம்மதிக்காக. அமெரிக்கக் கலைக் கல்லூரி ஒன்று, உறவினர்களிடம் பெயர் சொன்னால் கௌரவமாக இருக்கும் என்பதற்காக. லண்டனில் ஒன்று, என் தோழிகள் இருவர் விண்ணப்பிக்கிறார்கள் என்பதற்காக. கேட்டவர்களிடம் “எல்லாம் மாற்றுத் திட்டம்” என்று சொல்லிக்கொண்டேன்.

வேறு துறைகளுக்கு விண்ணப்பிப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு தெரிவைச் சேர்ப்பது பெரிய வேலையில்லை. கலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் எங்கள் நிலை அப்படியல்ல. ஒவ்வோர் இடமும் ஒவ்வொன்றைக் கேட்கிறது. ஓரிடத்தில் பத்துப் படைப்புகள், இன்னோரிடத்தில் இருபது. ஓரிடத்தில் கட்டுரை, இன்னோரிடத்தில் காணொளி, வேறோரிடத்தில் வீட்டிலிருந்தே வரைந்து அனுப்ப வேண்டிய பயிற்சி. பிறகு நேர்காணல். இசை, நடனம், நாடகம் என்றால் ஆடிஷன். ஒன்பது இடம் என்றால் ஏறக்குறைய ஒன்பது தனித்தனி வேலைகள்.

ஜூன் விடுமுறையில் என் படைப்புத் தொகுப்பை எடுத்துப் பார்த்தேன். எந்த இடத்துக்கும் அது முழுமையாகத் தயாராக இல்லை. எல்லா இடத்துக்கும் கொஞ்சம் கொஞ்சம் செய்து வைத்திருந்தேன்.

நாள்காட்டியும் நமக்குச் சாதகமாக இல்லை. ஐபி மாணவர்களுக்குக் காட்சிக் கலைப் பாடத்தின் கண்காட்சி, நீள்கட்டுரை, தேர்வுக்கான தயாரிப்பு எல்லாம் ஆண்டின் இரண்டாம் பாதியில் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். இசை படிக்கும் என் நண்பர்களுக்கு இன்னும் சிரமம். பிரிட்டிஷ் இசைக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள் அக்டோபர் தொடக்கத்திலேயே வந்துவிடும். ஆடிஷன்கள் நம் நவம்பர்த் தேர்வுக் காலத்தோடு மோதும். அதனால் சிலர் ஓராண்டு தள்ளி விண்ணப்பிக்க முடிவு செய்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் அந்த முடிவை ஐந்தாம் ஆண்டிலேயே எடுக்க வேண்டும். செப்டம்பரில் அழுதுகொண்டு எடுக்கக்கூடாது.

படைப்புத் தொகுப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கணினியில் பல வாரம் மெருகேற்றிய ஓவியங்களை நான் முதலில் வைத்திருந்தேன். ஆலோசனை சொல்ல வந்த ஒரு விரிவுரையாளர் அவற்றைச் சட்டென்று புரட்டிவிட்டு, என் கிறுக்கல் புத்தகத்தைக் கேட்டார். தேக்கா சந்தையில் உட்கார்ந்து மீன் வெட்டுபவர்களின் கைகளை வரைந்திருந்த பக்கங்களில்தான் அவர் அதிக நேரம் நின்றார். ஒரே கையை எட்டு முறை வரைந்திருந்தேன். அவற்றில் ஐந்து சரியாக வரவில்லை. “இதையும் அனுப்பு” என்றார். ஒருவர் எப்படி யோசிக்கிறார், தவறியதை எப்படித் திருத்துகிறார் என்பதைத்தான் அவர்கள் பார்க்க விரும்புகிறார்கள். அது கடைசி மாதத்தில் தயாரிக்கக்கூடியது அல்ல. உயர்நிலை மூன்றில் இருப்பவர்கள் இன்றே ஒரு புத்தகம் வாங்கி, ஒவ்வொரு பக்கத்திலும் தேதி போட்டு வரையத் தொடங்கலாம். பழைய பக்கங்களைக் கிழித்துப் போடாதீர்கள்.

இனி, நான் செய்த பெரிய தவற்றுக்கு வருகிறேன். பட்டியலை வீட்டில் காட்டவே இல்லை. காட்டினால் சண்டை வரும் என்று நானே முடிவு செய்துவிட்டேன்.

ஜூலையில் ஒரு நாள் அப்பா அதைப் பார்த்துவிட்டார். “இதுல எந்த எடத்துக்கு எவ்வளவு ஆகும்?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. “நீங்க எப்படியும் வேணாம்னுதானே சொல்லப் போறீங்க?” என்றேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “படிக்க வேணாம்னு நான் எப்பவாவது சொன்னேனா? எவ்வளவு ஆகும்னு நீதான் சொல்லவே இல்ல” என்றார்.

அன்றிரவு நாங்கள் மூவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு தாளில் கோடு போட்டோம். எத்தனை ஆண்டுப் படிப்பு, ஆண்டுக் கட்டணம், தங்குமிடம், உணவு, விமான டிக்கெட், எந்தக் கடனுதவி கிடைக்கும் என்று ஒவ்வொன்றாக எழுதினோம். பெற்றோரின் மத்திய சேம நிதியிலிருந்து கல்விக் கடன் பெறும் திட்டம், அங்கீகரிக்கப்பட்ட உள்ளூர்க் கல்வி நிலையங்களில் அரசாங்க மானியம் உள்ள முழுநேரப் படிப்புகளுக்கே பொருந்தும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. படிப்பு முடிந்து ஓராண்டுக்குப் பிறகு மாணவர் அதைத் திருப்பிச் செலுத்தத் தொடங்க வேண்டும். வெளிநாட்டுக் கல்லூரிக்கு அந்த வழி இல்லை. நான் உண்மையிலேயே ஆசைப்பட்ட ஒரு பிரிட்டிஷ் கல்லூரியை அந்தக் கணக்கு பார்த்த பிறகு நானே அடித்தேன். மனம் கனத்தது. ஆனால் சேர இடம் கிடைத்த பிறகு அடிப்பதைவிட அன்று அடித்தது மேல்.

உள்ளூரில் வாய்ப்பு குறைவு என்ற பேச்சும் இப்போது பழையதாகிவிட்டது. லாசால் கலைக் கல்லூரியும் நன்யாங் நுண்கலைக் கழகமும் இணைந்த சிங்கப்பூர்க் கலைப் பல்கலைக்கழகம் 2024ல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. அதற்கு முன் லாசாலில் படித்தவர்களுக்கு லண்டனின் கோல்ட்ஸ்மித்ஸ் போன்ற வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் பட்டம் வழங்கியது. இப்போது நம் நாட்டிலேயே கலைக்கென ஒரு பல்கலைக்கழகம் பட்டம் தருகிறது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கலை, வடிவமைப்பு, ஊடகப் பள்ளி இருக்கிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் யோங் சியூ தோ இசைக் கல்லூரி இருக்கிறது.

அம்மாவின் தயக்கம் பணத்தைப் பற்றியது மட்டுமல்ல. “வரையறது நல்லதுதான், ஆனா அதையே படிச்சா?” என்பது அவர் கேள்வி. நம் தமிழ்க் குடும்பங்களில் இது புதிதல்ல. ஐந்து வயதில் பரதநாட்டிய வகுப்பில் சேர்க்கிறோம். பத்தாண்டு கற்றபின் மண்டபம், பக்கவாத்தியம், பட்டுப்புடவை, விருந்து என்று செலவழித்து அரங்கேற்றம் நடத்துகிறோம். அதே பிள்ளை நடனத்தில் பட்டம் படிக்கிறேன் என்றால் பதறுகிறோம். கலைக்காகச் செலவழிக்க நாம் தயங்குவதில்லை. கலையைத் தொழிலாக ஏற்கத்தான் தயங்குகிறோம்.

அந்தத் தயக்கத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கலைத்துறையில் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஒரு வேலை முடிந்தால் அடுத்ததைத் தேட வேண்டும். வீட்டுக் கடன் கட்டும் பெற்றோருக்கு அது பயத்தைத் தரும். அதனால் மாற்றுத் திட்டம் கட்டாயம் வேண்டும். ஆனால் கணக்கியலில் ஆர்வமே இல்லாத ஒருத்தி கணக்கியல் சேர்வது மாற்றுத் திட்டம் ஆகாது. அதில் ஆர்வமுள்ளவர்களோடு மூன்று நான்கு ஆண்டுகள் போட்டியிட வேண்டும். முதலாண்டிலேயே நின்றுவிட்டால் காலமும் பணமும் வீண். முதல் விருப்பத்துக்குப் பக்கத்தில் இருக்கும் படிப்பைத்தான் இரண்டாவதாக வைக்க வேண்டும். அனிமேஷன் கிடைக்காவிட்டால் வடிவமைப்பு. நாடகம் கிடைக்காவிட்டால் கலை நிர்வாகம். காலையில் எழுந்து வகுப்புக்குப் போக மனம் வருமா என்று கேட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள். கணக்கியல் பிடித்தவர்கள் அதையே முதலில் எழுதலாம்.

உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பலதுறைத் தொழிற்கல்லூரிகளின் முன்கூட்டிய சேர்க்கைத் திட்டம் நம்மைப் போன்றவர்களுக்கு நல்ல வாய்ப்பு. சாதாரண நிலைத் தேர்வு முடிவுக்கு முன்பே ஆர்வத்தையும் திறனையும் பார்த்து நிபந்தனையுடன் இடம் தருகிறார்கள். ஆனால் அந்த இடத்தை ஏற்று உறுதி செய்துவிட்டால், முடிவுகள் வந்தபின் நடக்கும் கூட்டுச் சேர்க்கையில் கலந்துகொள்ள முடியாது. “சும்மா போட்டு வைப்போம்” என்று விண்ணப்பித்துவிட்டுப் பிறகு வருந்தாதீர்கள்.

தேசிய சேவைக்குச் செல்லும் தம்பிகளும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களில் ஏற்றுக்கொண்ட இடம் உங்களுக்காகக் காத்திருக்கும். வெளிநாட்டுக் கல்லூரிகள் எல்லாம் இரண்டாண்டு காத்திருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். விண்ணப்பிக்கும் முன் எழுதிக் கேளுங்கள்.

என் பட்டியலில் இப்போது மூன்றே இடங்கள். நன்யாங்கில் ஒன்று. லாசாலில் அனிமேஷன், அது இல்லாவிட்டால் அங்கேயே வடிவமைப்புத் தொடர்பியல். மூன்றுக்கும் வேண்டிய படைப்புகள் தயாராக இருக்கின்றன. மூன்றாவதுதான் கிடைத்தாலும் மகிழ்ச்சியோடு போவேன். அம்மாவுக்கு இன்னும் முழு நிம்மதி வரவில்லை. ஆனால் சென்ற வாரம் என் கிறுக்கல் புத்தகத்தைக் கேட்டு வாங்கி முழுவதும் பார்த்தார்.

அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கப் போகிறவர்களே, இந்த விடுமுறையில் ஒரு மாலை ஒதுக்குங்கள். அப்பா அம்மாவுடன் உட்கார்ந்து, நீங்கள் எண்ணியிருக்கும் இடங்களை ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்தில் செலவை எழுதுங்கள். போக விருப்பமில்லாததை அன்றே அடித்துவிடுங்கள்.