டெலிட் வீரர்களுக்கு ஒரு கும்பிடு

"டிஸ்க் ரொம்பிடுச்சா? க்ரான்ல ஒரு ஃபைண்ட் போட்டு, பத்து நாளைக்கு மேலான ஃபைலையெல்லாம் தூக்கிடு மச்சி!"

லேபில் இனி யாராவது இப்படிச் சொன்னால் கியோட்டோவைக் காட்டப் போகிறேன்.

2021 டிசம்பர். கியோட்டோ பல்கலைக்கழக சூப்பர் கம்ப்யூட்டரின் பேக்கப் ஸ்கிரிப்டிலும் இதே பத்து நாள் கணக்குதான். பழைய லாக் ஃபைல்களை மட்டும் அழிக்க வேண்டும். ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் மேல் புதுப் பதிப்பை எழுதிவிட்டார்கள். பாஷ் ஓட ஓடத்தான் ஸ்கிரிப்டைப் படிக்கும். பாதியில் புதுசு நுழைந்ததும், டைரக்டரி பெயர் இருக்க வேண்டிய வேரியபிள் காலி. விளைவு? 77 டெராபைட், சுமார் 3 கோடியே 40 லட்சம் ஆய்வு ஃபைல்கள் காலி. பாதிக்கப்பட்ட 14 குழுக்களில் 4 குழுக்களுக்கு மீட்கவே வழியில்லை.

அழித்தது பேக்கப் ஸ்கிரிப்ட்! (வேலியே பயிரை... வேண்டாம், எல்லோரும் சொல்லியாச்சு.)

டிஸ்க் நிரம்பினால் சர்வர் கத்தும், நாலு பேர் திட்டுவார்கள். அழிக்கிற ஸ்கிரிப்ட் சத்தமே போடாது. "அதான் பேக்கப் இருக்கே" என்பீர்கள். 2017 ஜனவரி 31 அன்று கிட்லாபிலும் இருந்தது, ஐந்து வழிகளில்! கடைசியில் காப்பாற்றியது, வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் கையால் எடுத்த ஸ்னாப்ஷாட்.

ஸ்கிரிப்ட் தலையில் 'செட் -யூ' என்று ஒரு வரி போட்டால், செட் செய்யப்படாத வேரியபிளைப் பார்த்ததும் நின்றுவிடும். புதுப் பதிப்பை வேறு பெயரில் எழுதி 'எம்வி' செய்தால், ஓடுகிற ஸ்கிரிப்ட் பழையதையே படித்து முடிக்கும். இதற்குக்கூட சோம்பேறித்தனமா? அப்படியென்றால் ரூட் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டுப் போங்கள் சாமி. என் ப்ராஜெக்டும் அந்த சர்வரில்தான் இருக்கிறது :(