கப்பல் நிற்பது ஒன்பது மணி நேரம்... அம்மா இறங்குவாங்களா?

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்தபோது ஃப்ளோரிடாவிலிருந்து அக்காவின் வீடியோ கால். “ஏய், நீ ரிப்போர்ட்டர்தானே? இங்க ஒரு பஞ்சாயத்து ஓடுது, தீர்த்து வை” என்றாள்.

அம்மாவும் அப்பாவும் இப்போது அங்கேதான் இருக்கிறார்கள். ஜூன் மாதம் எல்லோருமாக மயாமியிலிருந்து க்ரூஸ் போக டிக்கெட் போட்டாகிவிட்டது. நடுவில் ஒருநாள் மெக்ஸிகோவின் கொசுமெல் தீவில் கப்பல் நிற்கும். காலை 8 மணிக்கு வந்து மாலை 5 மணிக்குக் கிளம்பிவிடும். செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்ஸிகோவுக்குத் தனி விசா வேண்டாம். அதனால் அந்தக் கவலை இல்லை.

பஞ்சாயத்து இதுதான். மாமாவுக்கு உலக அதிசயமான சிச்சேன் இட்ஸா பிரமிடைப் பார்க்க வேண்டும். எட்டு வயசுப் பாப்பாவுக்குக் கடலுக்குள் மீன் பார்க்க வேண்டும். அப்பாவுக்கு ஊருக்குள் ஒரு நடை, ஒரு காபி. அம்மா?

“நான் கப்பல்லயே இருக்கேன். நீங்க போயிட்டு வாங்க.”

இந்த வசனம் எனக்குப் பழசு. கொடைக்கானல் போனபோது, “நான் ரூம்லயே இருக்கேன்.” மகாபலிபுரத்தில், “நான் கார்லயே இருக்கேன்.” காரணம் முட்டி வலி. அதைவிட, தன்னால் மற்றவர்கள் மெதுவாக நடக்க வேண்டி வருமே என்ற தயக்கம். ஒன்பதாயிரம் மைல் தாண்டிப் போயும் அதே வசனமா என்று எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. மேப்பைத் திறந்தேன்.

பிரமிடு கணக்கு

கொசுமெல் ஒரு தீவு. சுமார் 48 கி.மீ நீளம், 16 கி.மீ அகலம். சிச்சேன் இட்ஸா இருப்பது எதிர்க்கரையில், நிலப்பகுதியின் உள்ளே. கப்பலிலிருந்து இறங்கி வெளியே வர 9 மணி என்று வையுங்கள். ப்ளாயா தெல் கார்மென் ஊருக்குப் படகில் முக்கால் மணி நேரம். படகுக்குக் காத்திருப்பதையும் சேர்த்தால் 10 மணி தாண்டிவிடும். அங்கிருந்து காரில் இரண்டரை மணி நேரம். ஆக, போய்ச் சேரும்போது மதியம் 12.30.

இப்போது திரும்புவோம். கப்பல் கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பே ஏறியிருக்க வேண்டும், அதாவது 4.30. அப்படியென்றால் பிரமிடை விட்டு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்? அதே 12.30! போய் இறங்கியதும் செல்ஃபி எடுக்கக்கூட நேரமில்லை. மாமா கணக்கைப் பார்த்துவிட்டு, “சரி, அது இன்னொரு தடவை” என்றார். துலும் கோயில்கள் கொஞ்சம் கிட்டே. ஆனால் அதற்கும் அதே படகு, மேலே ஒரு மணி நேரம் கார். கடல் ஆடினால் வாந்திதான் மிச்சம். முட்டி வலிக்காரருக்குச் சரிவராது.

போனை நம்பாதீங்க

இது முக்கியம். கொசுமெல் இருக்கும் கின்டானா ரோ மாநிலத்தில், 2015 முதல் வருஷம் முழுக்க ஒரே நேரம்தான். கோடையில் மயாமி அதைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். கப்பல் மயாமி நேரத்திலேயே இருந்து, உங்கள் போன் தீவின் நேரத்துக்கு மாறிவிட்டால், நீங்கள் 4 மணி என்று நினைக்கும்போது கப்பலில் 5 மணி! சொந்தமாகச் சுற்றப் போனவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது. இறங்கும் முன் கப்பலின் நேரத்தைக் கேட்டு, சாதாரணக் கைக்கடிகாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் பழைய வாட்ச்சுக்கு அன்றைக்குத்தான் மரியாதை.

தீவுக்குள்ளேயே ஒரு நாள்

கடைசியில் போட்ட திட்டம் ரொம்ப எளிது: ஒரு வேன் டாக்ஸி, ஒரு சுற்று. அங்கே மீட்டர் கிடையாது. மொத்தம் எவ்வளவு, தலைக்கா வண்டிக்கா, டாலரா பெசோவா என்று ஏறும் முன்பே பேசிவிட வேண்டும்.

முதல் நிறுத்தம், தீவின் நடுவில் இருக்கும் சான் ஹெர்வாசியோ. மாயா மக்களின் பழைய கோயில் இடிபாடுகள். இஷ்செல் என்ற தெய்வத்துக்கான தலம். பிள்ளைப்பேறுக்கு வேண்டிக்கொண்டு பெண்கள் சின்னப் படகில் கடல் தாண்டி வந்திருக்கிறார்கள். இதை நான் போனில் சொன்னதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். “நம்ம திருக்கருகாவூர் மாதிரியா?” என்றார். அவ்வளவுதான், கப்பலிலேயே இருக்கும் பேச்சு அப்புறம் வரவில்லை.

அங்கிருந்து கிழக்குக் கரை. அலை முரட்டுத்தனமாக இருக்கும், குளிக்க வேண்டாம், பார்க்கலாம். பிறகு தெற்கே சுற்றி மேற்குக் கரையில் சங்கனாப் பூங்கா. கடல் அமைதி. லைஃப் ஜாக்கெட்டோடு பாப்பா மீன் பார்க்க, பெரியவர்கள் நிழலில் உட்காரலாம். இந்தப் பவளப்பாறைப் பகுதி 1996 முதல் தேசியப் பூங்கா. சாதாரண சன்ஸ்க்ரீன் பவளத்துக்குக் கெடுதல், அதற்குப் பதில் முழுக்கை உடை போதும். பூங்காக்களுக்கு வார விடுமுறை உண்டு, கப்பல் நிற்கும் கிழமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சைவக்காரர்கள் இரண்டு வார்த்தை கற்றுக்கொள்ளுங்கள். ‘சின் கார்னே’ என்றால் இறைச்சி இல்லாமல். ‘சின் மான்டேகா’ என்றால் பன்றிக் கொழுப்பு இல்லாமல். பீன்ஸைப் பல இடங்களில் அதில்தான் வதக்குவார்கள்.

அன்றைக்கு என்ன நடந்தது?

இடிபாடுகளில் அம்மா பாதி தூரம்தான் நடந்தாராம். ஒரு மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். மற்றவர்கள் பார்த்துவிட்டு வரும்வரை அப்பாவும் கூடவே உட்கார்ந்திருந்தார். ஊருக்குள் காபி குடிக்க நேரமில்லை, அதில் அப்பாவுக்கு இன்னும் குறை. 3.45-க்கெல்லாம் கப்பலில் ஏறிவிட்டார்கள்.

ராத்திரி அம்மாவிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். “கால் வலிக்குதுடி. ஆனா அந்தக் காலத்துப் பொம்பளைங்க துடுப்புப் போட்டே வந்திருக்காங்க. நான் வேன்ல போக மாட்டேன்னு சொன்னேன் பாரு!”

உங்கள் வீட்டிலும், “நான் ரூம்லயே இருக்கேன்” என்று சொல்பவர் ஒருவர் இருப்பார். அடுத்த ட்ரிப்பில், திட்டத்தை அவரிடமிருந்து ஆரம்பித்துப் பாருங்களேன்.