பள்ளியில் எவர் ஆணை செல்கின்றது?

தமிழ்க் குழந்தை எம்மொழியில், எந்நூலைக் கற்க வேண்டும் என்று முடிவு செய்வார் யாவர்? கல்வியறிஞரா? ஆசிரியரா? அல்லர்! கட்சியும் காசும் வழக்குமே அதனை முடிவு செய்து வந்துள்ளன.

1938-இல் இராசகோபாலாச்சாரியார் ஆட்சி உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கிற்று. நடராசனும் தாளமுத்துவும் சிறைப்பட்டு உயிர்நீத்த பின்னரே, 1940-இல் அவ்வாணை மீட்கப்பெற்றது. 1953-இல் அவரே அரைநாட் கல்வித் திட்டத்தைப் புகுத்தினார், மறு ஆண்டே ஆட்சி மாறிற்று, திட்டமும் மறைந்தது.

பிறர் திணித்ததை எதிர்த்து நின்ற தமிழர், தம்மவர் கைவிட்டதை எங்ஙனம் பொறுத்தனர்? ஐந்தாம் வகுப்பு வரை தாய்மொழியே பயிற்றுமொழி என 1999-இல் அரசாணை பிறந்தது. தனியார் பள்ளி நடத்துவோர் வழக்குத் தொடுத்தனர். 2000-இல் சென்னை உயர்நயன்மன்றம் அதனை வீழ்த்திற்று. வீழ்ந்த ஆணை பின்னர் எழவேயில்லை. மாறாக, 2012-இல் அரசே தன் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகளைப் பெருக்கத் தொடங்கிற்று. தனியார் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளைத் தடுப்பதற்காம்! திருடனைத் தடுக்க வீட்டையே அவன் பெயருக்கு எழுதிவைப்பார் உண்டோ?

2011-இல் நிகழ்ந்தது இதனினும் கொடிது. ஆட்சி மாறியதும், அச்சிட்ட சமச்சீர்க் கல்வி நூல்கள் ஒதுக்கப்பெற்றன. பள்ளி திறந்தும் பிள்ளைகள் நூலின்றி இருந்தனர். ஆகசுட்டு 9-ஆம் நாள் உச்சநயன்மன்றம் ஆணையிட்ட பின்னரே நூல்கள் கைக்கு வந்தன. அவற்றிலும் சில பக்கங்கள் மேலே தாள் ஒட்டி மறைக்கப்பெற்றிருந்தன. இரு கட்சிகளின் பகைக்குப் பிள்ளைகளின் படிப்பா இரை?

‘பெற்றோரே ஆங்கிலத்தை விரும்புகின்றனர்’ என்பர் சிலர். அது விருப்பமன்று, அச்சம். மருத்துவக் கல்வியை ஆங்கிலத்திற்கே உரிமையாக்கி வைத்துவிட்டுத் தமிழ்வழிக்கு வாராத பெற்றோரைப் பழிப்பது அறமாகாது. தமிழ்வழிக் கற்றார்க்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் 2010-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு தொடக்கமே. உயர்கல்வியின் கதவும் தமிழுக்குத் திறந்தாலன்றி அவ்வச்சம் நீங்காது.

அதுவரை பெற்றோர் வாளா இருத்தல் ஆகாது. 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம், அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு இடத்தைப் பெற்றோர்க்கே அளித்துள்ளது. அவ்விருக்கையில் கட்சிக்காரரை அமர்த்திவிட்டுப் பின்னர்ப் புலம்புவதில் பயனில்லை. தமிழ்ப் பெற்றோர் தாமே அமர்க! தமிழ்வழிப் பிரிவு ஒன்றேனும் மூடப்படாது காக்க! பிள்ளையின் பக்கம் நின்று பேசுவார் இல்லாத பள்ளியில், பிறர் ஆணையே செல்லும்.