அனுமதி மறுக்கப்பட்டது... சரி, மறுத்தது யார்?

கர்னல் அப்டேட் முடிந்து கம்ப்யூட்டர் மறுபடி எழுந்து நிற்கிறது. நேற்று வரை ஒழுங்காக ஓடிய ஏதோ ஒன்று இன்றைக்கு ஓடவில்லை. திரையில் ஒரே ஒரு வரி: "அனுமதி மறுக்கப்பட்டது".

தமிழ் இலக்கணத்தில் இதற்குச் செயப்பாட்டு வினை என்று பெயர். செய்தவர் யார் என்று சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிடலாம். லினக்ஸில் அனுமதிச் சிக்கல் என்று சொல்லப்படுவதில் பாதித் தலைவலிக்குக் காரணம் இதுதான். மறுத்தது யார் என்று தெரியாமலே எல்லோரும் மருந்து தேடுகிறார்கள்.

கையில் கிடைக்கும் முதல் மருந்து எப்போதும் ஒன்றுதான்: சிஎச்மோட் 777! படிக்க 4, எழுத 2, இயக்க 1, ஆக மொத்தம் 7. உரிமையாளருக்கு ஒரு ஏழு, குழுவுக்கு ஒரு ஏழு, ஊர் பேர் தெரியாதவருக்கும் ஒரு ஏழு. சாவி தொலைந்தது என்பதற்காகக் கதவையே கழற்றி வைக்கும் வைத்தியம் இது.

அதோடு முடிந்தால் பரவாயில்லை. இந்தக் கட்டளையை மொத்த சிஸ்டத்துக்கும் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அடுத்த கதை தெரியும். சூடோவே வேலை செய்யாது! சூடோ நிரல் ரூட்டின் அதிகாரத்தோடு ஓடுவதற்கு அதன் கோப்பில் ஒரு தனி அடையாளம் உண்டு. 777 அதை அழித்துவிடுகிறது. எஸ்எஸ்எச் சாவிக் கோப்பும் அப்படித்தான். ஊரே படிக்கக்கூடிய சாவியை எஸ்எஸ்எச் ஏற்காது. எல்லோருக்கும் எல்லா அனுமதியும் கொடுத்ததில் கடைசியில் சொந்தக்காரருக்கே அனுமதி போய்விடுகிறது.

காவலர் ஒருவர் அல்ல, பலர் என்பதை மறப்பதுதான் தவறு. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் போய் மாமல்லபுரத்தில் இறங்கினால் இது கண்ணுக்கு நேராகத் தெரியும். கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதங்களும் தொல்லியல் துறையின் பொறுப்பு, இரண்டுக்கும் ஒரே டிக்கெட். தலசயனப் பெருமாள் கோயில் அறநிலையத் துறையுடையது. கலங்கரை விளக்கம் இன்னொரு துறையுடையது, அதற்குத் தனி டிக்கெட். ரதங்களுக்கு வாங்கிய டிக்கெட்டைக் கலங்கரை விளக்கத்தின் வாசலில் நீட்டி என்ன பயன்? அதையே பத்து டிக்கெட்டாக வாங்கி நீட்டினாலும் பதில் மாறாது.

லினக்ஸ் டெஸ்க்டாப்பிலும் இப்படிக் குறைந்தது மூன்று வாசல்கள் இருக்கின்றன.

முதல் வாசல் கோப்பின் உரிமை. இது எல்லோருக்கும் தெரிந்தது.

இரண்டாவது வாசலில் நிற்பது கர்னல். வணிகவியல் மாணவர்களுக்கு இது நன்றாகவே பழக்கம். லினக்ஸுக்குள் விர்ச்சுவல்பாக்ஸ், அதற்குள் விண்டோஸ், அதற்குள் டாலி! விர்ச்சுவல்பாக்ஸுக்கு ஒரு கர்னல் மாட்யூல் வேண்டும். ஒவ்வொரு கர்னலுக்கும் அதைத் தனித்தனியாகக் கட்ட வேண்டும். செக்யூர் பூட் இயங்கும் மெஷினில் அதற்கு டிஜிட்டல் கையெழுத்தும் வேண்டும், அந்தக் கையெழுத்தின் சாவியை மெஷினிலும் பதிவு செய்திருக்க வேண்டும். பழைய கர்னலின் மாட்யூலுக்குக் கையால் போட்ட கையெழுத்து, புதிய கர்னலுக்காகக் கட்டிய மாட்யூலுக்குச் செல்லாது. மறுநாள் பிராஜெக்ட் ஒப்படைக்க வேண்டிய இரவில்தான் இது தெரியவரும். இங்கே மறுப்பது கர்னல். கோப்புக்கு ஆயிரம் 777 போட்டாலும் அது அசையாது.

மூன்றாவது வாசல் ஆப்ஆர்மர். 2024 ஏப்ரலில் வந்த உபுண்டு 24.04, சாதாரண நிரல்கள் தங்களுக்கென்று தனி யூசர் நேம்ஸ்பேஸ் உருவாக்குவதை இதன் மூலம் கட்டுப்படுத்தியது. 22.04-லிருந்து மாறியவர்களுக்குக் கர்னலும் புதிது, இந்த விதியும் புதிது. அதுவரை ஓடிய சில ஆப்இமேஜ் நிரல்கள் சாண்ட்பாக்ஸ் பிழை சொல்லி நின்றுவிட்டன. அந்த ஒரு நிரலுக்கு மட்டும் ஒரு ப்ரொஃபைல் எழுதினால் போதும். பலர் செய்ததோ, கட்டுப்பாட்டையே மொத்தமாக அணைத்தது. 777 வேறு வேஷத்தில் வந்தது, அவ்வளவுதான்.

இன்னொன்று. கர்னலே குற்றவாளி என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. புதிய கர்னல் வந்தால் ரீஸ்டார்ட் செய்தாக வேண்டும். வாரக்கணக்கில் மூடி வைத்திருந்த பழைய தவறெல்லாம் அன்றைக்குத்தான் வெளியே வரும். என்றைக்கோ சூடோ போட்டு ஒரு டெஸ்க்டாப் நிரலை ஓட்டியிருப்பார்கள். ஹோம் ஃபோல்டரில் உள்ள எக்ஸ்அத்தாரிட்டி கோப்பு ரூட்டின் பெயருக்கு மாறியிருக்கும். அடுத்த முறை பாஸ்வேர்டு சரியாக அடித்தாலும் லாகின் திரையே திரும்பத் திரும்ப வரும். பழி கர்னல் மேல்! அந்த ஒரு கோப்பை மறுபடி தன் பெயருக்கு மாற்றினாலே அது தீர்ந்துவிடும்.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது மிக எளிது. க்ரப் மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய்ப் பழைய கர்னலில் ஏறிப் பாருங்கள். அங்கே ஓடினால் சந்தேகம் புதிய கர்னல் மேல். அங்கேயும் ஓடவில்லை என்றால் அதை விட்டுவிட்டு வேறு இடத்தில் தேடலாம். அடுத்து, கோப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். கடைசியாக, நிரல் நின்ற அந்த நிமிடத்தில் லாகில் என்ன பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். ஆப்ஆர்மர் தடுத்திருந்தால் அதன் பெயரே அங்கே இருக்கும்.

வங்கியிலிருந்து செக் திரும்பி வந்தால் கூடவே காரணச் சீட்டும் வரும். "கையெழுத்து பொருந்தவில்லை" என்று எழுதியிருக்கும்போது யாராவது கணக்கில் இன்னும் பணம் போடுவார்களா? லாக் என்பதும் அந்தக் காரணச் சீட்டுதான். பி.காம் படிப்பவருக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தரத் தேவையே இல்லை.

2011-ல் தமிழக அரசு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, சென்னை சி-டாக்கில் உருவான பாஸ் லினக்ஸும் விண்டோஸோடு சேர்ந்தே வந்தது. பல வீடுகளில் அதுதான் முதல் கம்ப்யூட்டர். தன் மெஷினின் ரூட் அதிகாரம் தன் கையிலேயே இருப்பது சின்ன விஷயம் அல்ல. ஆனால் அதிகாரத்தைக் கையில் கொடுத்தால் மட்டும் போதாது, அதை எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லித்தர வேண்டும். இன்றைக்கும் பல கல்லூரி லேபுகளில் இரண்டே நிலைதான்: ஒன்று மாணவர் எதையும் தொடக் கூடாது, இல்லையென்றால் எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு. இரண்டிலுமே யாரும் எதுவும் கற்றுக்கொள்வதில்லை.

லேபில் சொல்லித்தர வேண்டிய முதல் பாடம் எந்தக் கட்டளையும் அல்ல, ஒரு கேள்விதான். "அனுமதி மறுக்கப்பட்டது" என்று வந்தால் உடனே அனுமதியை அள்ளிக் கொடுக்காதீர்கள். மறுத்தது யார் என்று கேளுங்கள். பதில் பெரும்பாலும் லாகிலேயே எழுதியிருக்கும்!